ஆக்‌ஷன் சொல்வதற்கு முன்னால்

கொல்லிமலையை நான் முதன்முதலில் பார்த்தது சென்னையில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். எடிட்டிங் மேசையின் சின்னத் திரையில் பனிமூட்டம் வரும், போகும். மரங்கள் தெரியும், மறையும். சத்தம் கிடையாது. அந்தக் காலத்தில் எடுத்த படம் ஊமையாகத்தான் எங்களிடம் வரும். குரல், காற்று, காலடி எல்லாம் பின்னால் சேர்ப்பது. ஆகவே பல மாதங்களுக்கு எனக்கு இது சத்தமே இல்லாத ஒரு மலை. ஓய்வு பெற்றபின் இங்கே கொல்லிமலையின் திருப்புளி நாட்டுப் பக்கம் ஒரு வீடு பார்த்துக் குடிவந்த முதல் நாள் காலையில் கதவைத் திறந்தேன். அதே பனி நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதற்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது, யாரோ யாரையோ திட்டினார்கள், தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. நான் இல்லாத நேரம் பார்த்து யாரோ டப்பிங்கை முடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

இங்கே வந்தபின் எனக்குத் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. காலை பத்து மணி வரை உலகம் முழுதாக வந்து சேராது. அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் பனி கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடிட்டிங் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாரைப் பார்த்தாலும் ஒரு கேள்வி வருகிறது. "மேடம், சென்னியப்பனுக்கு அந்த விருதை வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தானாமே?" கேட்கும்போதே கண்ணில் ஒரு பளபளப்பு. நடிகன் செய்யாததை மேசையில் நாம் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நமக்கு இனிக்கத்தானே செய்யும். அந்த இனிப்பை நானும் பல வருடம் சப்பியவள்தான். சமீபத்தில் ஒரே பகலில் அந்தக் கதை எனக்குத் தலைகீழாகப் புரண்டுவிட்டது. அதை முதலில் கேளுங்கள், பிறகு உங்கள் கேள்வியைக் கேளுங்கள்.

சென்னியப்பனை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நாமக்கல் பக்கத்து ஆள். லாரியில் கிளீனராக இருந்தவர். படப்பிடிப்புக்கு வந்த லாரியோடு வந்து, தவறிப்போய் கேமராவுக்கு முன்னால் நின்று, அப்படியே சிரிப்பு நடிகர் ஆகிப்போனார். ஒழுங்கான முகம் கிடையாது. நீளக் கழுத்து. இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கண் இன்னொரு கண்ணைவிடச் சற்றுத் தாமதமாக மூடும். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கினாலே தியேட்டர் குலுங்கும்.

எங்களுக்கோ அவர் பெயரைக் கேட்டாலே தலைவலி. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்க மாட்டார். ஒரு ஷாட்டில் வலது கையில் இருந்த டம்ளர் அடுத்த ஷாட்டில் இடது கையில் இருக்கும். அதற்கடுத்ததில் டம்ளரே இருக்காது. சிரிப்புப் படத்தில் அதெல்லாம் ஓடிவிடும். ஆனால் ஓர் இயக்குநர் அவரைக் கொல்லிமலைக்குக் கூட்டிப்போய் அழவைக்கப் பார்த்தார்.

கதை இதுதான். மிளகும் சாமையும் போட்டுப் பிழைக்கும் ஒரு மலை விவசாயி. லாரிக்குப் போன மகன் சமவெளியில் எங்கோ விபத்தில் செத்துப்போகிறான். மலையில் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, காப்புக் கட்டியாகிவிட்டது. சாவுச் செய்தியைச் சொன்னால் நோம்பி நின்றுவிடும் என்று ஊரே அவரிடம் மறைக்கிறது. அவருக்கோ முன்னமே தெரியும். ஊருக்காகத் தெரியாத மாதிரி இருக்கிறார். நோம்பி முடிகிற வரைக்கும் அப்படியே இருக்கிறார்.

முதல் கட்டப் படப்பிடிப்பில் அவர் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கும் காட்சி ஒன்று எடுத்தார்கள். மகன் வருவான் என்று எட்டி எட்டிப் பார்க்க வேண்டும். அவர் எட்டிப் பார்த்தது கோழி பிடிக்கிறவர் மாதிரி இருந்தது. நான் நொந்துபோய் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். இந்த மலையில் பனி எப்போது விலகும், எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கேமராமேன் பனி இளகத் தொடங்கியதுமே கேமராவை ஓடவிட்டுவிடுவார். முகம் நன்றாகத் தெரிந்தபிறகுதான் இயக்குநர் 'ஆக்‌ஷன்' என்பார். சத்தம் இல்லாவிட்டாலும் நடிகர் திடீரென்று அசைவதை வைத்து அந்த இடம் எனக்குத் தெரிந்துவிடும். இடைப்பட்ட அந்த நேரத்தில் சென்னியப்பன் சும்மா நின்றிருந்தார். பனிக்குள்ளிருந்து மெல்ல ஒரு மனிதன் வெளியே வருகிறான், ரோட்டைப் பார்க்கிறான். அவ்வளவு போதும் என்று பட்டது. எட்டிப் பார்த்ததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, சும்மா நின்றதை மட்டும் வைத்தேன்.

இயக்குநருக்கு இது பிடித்துவிட்டது. "நீ நடிக்காம இருந்தா எவ்வளவு நல்லா இருக்கேன்னு வந்து பாருய்யா" என்று சென்னியப்பனை இழுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். சென்னியப்பன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். சிரிக்கவில்லை. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

"ஏனுங்க்கா, இதுல நான் என்ன பண்ணிட்டு இருக்கறனுங்க?"

"ஒண்ணும் பண்ணலை. அதனாலதான் நல்லா இருக்கு" என்றேன்.

"செரிங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவரும் நானும் நேரில் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

இரண்டாம் கட்டத்தில்தான் அந்தப் பேர்போன காட்சி. செய்தியோடு வந்த பக்கத்து நிலத்துக்காரர் சொல்ல மனம் வராமல் எதிரே குந்தியிருந்துவிட்டு எழுந்து போகிறார். விவசாயி மிளகுக் கதிரை உருவி முறத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறார். வந்தவர் முதுகு மறைந்ததும் உடைந்து அழ வேண்டும். அழுதார், சாமி, அழுதார். முன்னாலிருந்து எடுத்ததில் தோள்துண்டு வாயில் இருந்தது. பக்கவாட்டில் எடுத்ததில் துண்டு தரையில் கிடந்தது. நெருக்கத்தில் எடுத்ததில் துண்டையே காணோம். எதுவும் எதோடும் ஒட்டவில்லை.

மறுபடி பனிப்பக்கம் போனேன். ஒவ்வொரு ஷாட்டிலும் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன் அவர் பனிக்குள் உட்கார்ந்து காத்திருந்த பகுதிகள் இருந்தன. அவற்றை மட்டும் எடுத்து அடுக்கினேன். முன்பக்க ஷாட்டில் கை மிளகை வேகமாக உருவுகிறது. பக்கவாட்டு ஷாட்டில் மெதுவாகிறது. நெருக்கத்தில் கட்டைவிரல் ஒரே ஒரு மிளகின்மேல் போய்ப்போய் வருகிறது, அதை உதிர்க்கவில்லை. பனி மூடுகிறது. காட்சி முடிந்தது. இயக்குநர் முதலில் என்மேல் எரிந்து விழுந்தார். பிறகு தனியாக உட்கார்ந்து பார்த்தார். பிறகு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருடத்தின் சிறந்த நடிகர் விருது சென்னியப்பனுக்குக் கிடைத்தது. ஊர் முழுக்க அந்தக் கட்டைவிரலைப் பற்றித்தான் பேச்சு. இயக்குநர் மேடைக்கு மேடை, "அவர் நடிக்காதபோது பிடித்ததுதான் அந்த நடிப்பு, எல்லாம் எங்கள் எடிட்டரின் மேசையில் நடந்தது" என்று சொன்னார். என்னைப் பாராட்டத்தான் சொன்னார். சினிமாக்காரர்கள் அதைச் சுருக்கி 'மேசை விருது' என்று பேர் வைத்தார்கள். உங்களுக்கு முன்னால் வந்த எத்தனையோ பேருக்கு நானே அதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் கண்ணால் பார்த்தது அது. சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

பின்னால் நடந்ததும் அதற்கு ஏற்ற மாதிரியே இருந்தது. விருது வாங்கிய கையோடு சென்னியப்பன் நான்கைந்து சோகப் படங்களில் நடித்தார். எல்லாவற்றிலும் மரக்கட்டை. சிரிப்புப் படத்துக்குத் திரும்பலாம் என்றால், அவரைத் திரையில் பார்த்ததுமே ஜனங்களுக்குச் செத்துப்போன மகன் ஞாபகம் வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கினார், யாரும் சிரிக்கவில்லை. விருது என்று ஒன்றைக் கொடுத்து அந்த மனிதரின் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று எனக்கு அப்போதே வருத்தமாக இருந்தது. அவர் மலையடிவாரத்துக்கே திரும்பிப் போய்ச் சின்ன வெங்காயம் போட ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன். நான் மலைக்கு மேலே, அவர் மலைக்குக் கீழே. ஆனாலும் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. பார்த்து என்ன பேசுவது?

இனி அந்தப் பகலுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் போனில் சிக்னல் வேண்டுமென்றால் ரோட்டு வளைவில் இருக்கும் பலா மரத்தடிக்குப் போக வேண்டும். காலையில் பால் வாங்கப் போனபோது போன் துடித்துக்கொண்டே இருந்தது. நிவேதா. என்னிடம் உதவியாளராக இருந்து, பிறகு இயக்குநர் ஆன பெண். முதல் படம் நன்றாக ஓடி, இரண்டாவது படத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தாள்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. சென்னியப்பன் நடிப்பாரா?"

"எந்தச் சென்னியப்பன்?" என்றேன், தெரிந்துகொண்டே.

"மேடம், என் கதையில ஒரு பெரியவர் இருக்கார். அவரைத் தவிர வேற யாரையும் என்னால நினைக்க முடியலை. ஆனா தயாரிப்பாளர் ஒத்துக்க மாட்டேங்கறார். 'அது மேசை விருதும்மா, வேணும்னா எடிட்டரையே கேட்டுப் பாரு'ங்கறார். நீங்க நடிப்பார்னு சொன்னா சரிங்கறார். பொழுது சாயறதுக்குள்ள சொல்லணும் மேடம். இல்லேன்னா வேற நடிகரைக் கூப்பிட்டுப் பேசிடுவாங்க."

"அவர்கிட்ட பேசிட்டியா?"

"நேர்லயே போய்ப் பார்த்தேன். ஷேவ் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். கதையை முழுசாக் கேட்டார். கேட்டுட்டு, 'எனக்கு நடிக்க வருமான்னு அக்காவக் கேளுங்க கண்ணு. அவங்க சொன்னாச் செரி'ன்னுட்டார்."

"எந்த அக்கா?"

"நீங்கதான் மேடம்."

சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உள்ளுக்குள் பதில் அப்போதே தயாராக இருந்தது: வேண்டாம். வயசான காலத்தில் அந்த மனிதரைக் கேமரா முன்னால் நிறுத்தி, பத்துப் பேர் பார்க்க அவமானப்படுத்த வேண்டாம். அவர் சும்மா இருந்ததை நான் திருடி ஒட்டினேன். அந்தத் திருட்டை இன்னொரு தடவை செய்ய முடியாது. இவ்வளவு யோசித்து முடித்தபிறகு, வேண்டாம் என்று சொல்லுமுன் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அது மட்டும் ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. பனிதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வழி இருந்தது. அந்தப் படத்தைப் புதுப்பித்து மறுபடி வெளியிடப் போகிறார்களாம். நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எனக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் அனுப்பியிருந்தார்கள். பழைய கிடங்கில் எல்லா நெகட்டிவும் அப்படியே கிடந்ததாம். வேண்டியது வேண்டாதது எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டோம் என்றார்கள். நான் அதைப் பிரிக்கவே இல்லை.

இங்கே உங்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். இன்று எடுத்ததெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் வந்து விழுகிறது. எங்களுக்கு அப்படி இல்லை. ஒரு ஷாட்டைப் பல தடவை எடுப்பார்கள். அதில் இயக்குநர் 'ஓகே' சொன்ன டேக்கை மட்டும் பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்புவார்கள். மற்றவை 'என்.ஜி.', அதாவது ஆகாதவை. அவற்றைப் பிரிண்ட் போட்டால் செலவு. ஆகவே சென்னியப்பனின் ஆகாத டேக்குகளை நான் பார்த்ததே இல்லை. இந்த உலகத்தில் யாருமே பார்த்ததில்லை.

மதியத்துக்குமேல் லேப்டாப்பைத் திறந்ததும் கரண்ட் போய்விட்டது. பேட்டரி பாதிதான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி, திரைக்குள்ளே பனி, இரண்டுக்கும் நடுவில் நான். சத்தம் இல்லை. பழைய அறைக்கே போய்விட்ட மாதிரி இருந்தது. ஆனால் அந்த அறையின் சுவரை யாரோ எடுத்துவிட்டு, நான் வெட்டிய மலையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருந்தார்கள். எது வெளியே, எது உள்ளே என்று கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டும் என்ற அவசரமும் இல்லை. பனிக்குள்ளிருந்து சென்னியப்பன் வந்தார். இளமையாக இருந்தார்.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மா வேகவைத்த குச்சிக்கிழங்கோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, சினிமாவுங்களா? ஒண்ணும் பேசக்காணோம்?"

"பேச மாட்டாங்க. மிளகு உருவறாங்க."

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "இவரு உருவி முடிக்கறதுக்குள்ள அடுத்த கொடி காய்ச்சுருமுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முன்பக்க ஷாட்டின் ஓகே டேக்கைப் பார்த்தேன். எனக்கு மனப்பாடமான பகுதி. கை வேகமாக உருவுகிறது. பிறகு 'ஆக்‌ஷன்', துண்டு வாய்க்குப் போகிறது, கோமாளி அழுகை. சரி. அதே ஷாட்டின் ஆகாத டேக் ஒன்றைத் திறந்தேன். பனி விலகுகிறது, கை வேகமாக உருவுகிறது, அதே வேகம். துண்டு இடது தோளில். இடது கால் மடக்கி. 'ஆக்‌ஷன்' வந்ததும் துண்டு எங்கோ பறக்கிறது, கால் மாறுகிறது, அழுகை வேறு மாதிரி. இன்னொரு ஆகாத டேக். பனி, அதே வேகம், துண்டு இடது தோளில், இடது கால் மடக்கி. தற்செயல் என்று நினைத்தேன். பக்கவாட்டு ஷாட்டுக்குப் போனேன். ஓகே ஆனதும் ஆகாததும் எல்லாவற்றிலும் ஆக்‌ஷனுக்கு முன்னால் கை மெதுவாகத்தான் உருவுகிறது. துண்டு இடது தோளில். நெருக்க ஷாட்டின் டேக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லா டேக்கிலும், ஒன்று விடாமல், ஒரே ஒரு மிளகின்மேல் அந்தக் கட்டைவிரல்.

ஷாட் எண்ணும் தேதியும் எழுதிய கிளாப் பலகையைப் பார்த்தேன். இயக்குநர் வெளிச்சத்துக்காக நெருக்க ஷாட்டைத்தான் முதலில் எடுத்திருக்கிறார். முன்பக்க ஷாட்டைக் கடைசியாக, மறுநாள் எடுத்திருக்கிறார்கள். அதாவது சென்னியப்பன் அந்தக் கை நிற்கிற இடத்தை முதலில் நடித்துவிட்டு, அது வேகமாகத் தொடங்குகிற இடத்தை மறுநாள் நடித்திருக்கிறார். டம்ளரை எந்தக் கையில் வைத்திருந்தோம் என்று தெரியாத அந்த மனிதர், தோளும் காலும் விரலும் மாறாமல், நாள் மாறியும் மாறாமல், ஒரு முழுக் காட்சியை நடித்து முடித்திருக்கிறார். ஆக்‌ஷன் சொல்வதற்கு முன்னால். ஒவ்வொரு தடவையும்.

நான் மேசையில் கண்டுபிடித்ததாக நினைத்திருந்த அந்த மெதுவாகும் கை, எனக்கு முன்பே அங்கே இருந்தது. எந்த டேக்கை எடுத்து ஒட்டியிருந்தாலும் அதே காட்சிதான் வந்திருக்கும். எனக்குப் பதில் உங்களில் யாராவது இருந்து தூங்கிக்கொண்டே ஒட்டியிருந்தாலும் வந்திருக்கும்.

கிழங்கு ஆறிப்போய்விட்டது. எனக்குச் சந்தோஷமா, அவமானமா என்று பிரிக்கத் தெரியவில்லை. பெரும்பாலும் சந்தோஷம்தான். இத்தனை வருடம் தனியாகச் செய்ததாக நினைத்த ஒரு வேலையில் இன்னொருவரும் கூடவே இருந்திருக்கிறார் என்றால் அது நல்ல செய்திதானே.

பேட்டரி அணைந்தது. நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பலா மரத்தடிக்கு ஓடினேன். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. நிவேதாவிடமிருந்து வரிசையாக அழைப்புகள் வந்து தவறிப்போயிருந்தன. ஆனால் நான் முதலில் கூப்பிட்டது சென்னியப்பனை. எண்ணை நிவேதா காலையிலேயே அனுப்பியிருந்தாள்.

"யாருங்க?" பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம்.

நான் பேரைச் சொன்னேன்.

"அக்காங்களா! கும்பிடறனுங்க. மேல பனி எப்புடி இருக்குதுங்க?"

"கொட்டுது. சென்னியப்பன், நேராக் கேக்கறேன். மிளகு உருவற காட்சியில, ஆக்‌ஷன் சொல்றதுக்கு முன்னால நடிச்சீங்களா, சும்மா உட்கார்ந்திருந்தீங்களா?"

மோட்டார் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"எனக்கே வெளங்கலீங்க்கா. மொதல்ல நடிச்ச மாதிரித்தானுங்க ஞாபகம். அப்பறம் மத்த படத்துல ஒண்ணும் உருப்படல. போற எடமெல்லாம் மேசை, மேசைன்னாங்க. சொல்லச் சொல்ல நானே நம்பிட்டனுங்க. அதனாலதான் அந்தப் புள்ளகிட்ட உங்களைக் கேக்கச் சொன்னேன். எனக்குத் தெரியலீங்க. உங்களுக்காச்சும் தெரியுமல்லங்க."

நான் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். இடது தோள், இடது கால், வேகம், மெதுவு, கட்டைவிரல். யாரும் பார்க்காத டேக்குகளிலும் அதுவே இருந்ததைச் சொன்னேன்.

எல்லாவற்றையும் அவர் கேட்டு முடித்தார்.

"அப்ப அது நடிப்புத்தானுங்களா?"

"நடிப்புத்தான். நான் மேசையில பார்த்ததிலேயே அதுதான் நடிப்பு."

"உங்க ரூமுக்கு அன்னிக்கு வந்தனல்லங்க" என்று மெல்ல ஆரம்பித்தார். "பஸ்சுக்கு நிக்கற சீனை ஓட்டிக் காட்டுனீங்க. நான் நடிச்சது ஒண்ணுகூட அதுல இல்லீங்க. சும்மா நின்னதுதான் இருந்துச்சு. அப்பத்தான் பட்டுது, யாரும் பாக்காத எடத்துல ஒருத்தரு குந்தி என்னையப் பாக்கறாங்கன்னு. டைரக்டரு அழுவச் சொல்றாரு. அவரு பேச்சத் தட்ட முடியுங்களா? ஆக்‌ஷன்னா அவருக்கு, அதுக்கு முன்னால உங்களுக்குன்னு வெச்சுக்கிட்டனுங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்லையா? ஊரெல்லாம் நான் செஞ்சதுன்னு சொன்னப்போ?"

"கதையில வர்ற அந்தாளு தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கறவனுங்க. அதுல நடிக்கறது தெரியக்கூடாதில்லைங்களா. நான் சும்மா குந்தியிருந்தேன்னு நீங்களே நம்பிட்டீங்க. அதவிட எனக்கு என்னங்க வேணும்? போயி, இல்லீங்க நடிச்சேன்னு சொன்னா அது கெட்டுப்போயிருமுங்க."

அதற்குப்பிறகு அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அவர் அழுகையை நான் என்றைக்குச் சரியாகக் கண்டுபிடித்தேன்? போனை வைக்குமுன், "பனி எறங்குதுங்க்கா, பாத்து ஊட்டுக்குப் போங்க" என்றார்.

உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒரு டேக்கைத் திறந்ததும் நேராக ஆக்‌ஷன் சொல்லும் இடத்துக்கு ஓட்டிவிட்டு அங்கிருந்துதான் பார்க்கிறீர்கள். என்னிடம் வேலை கற்க வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், நான் திட்டியிருக்கிறேன். இப்போது வேறு காரணத்துக்காகத் திட்டுகிறேன். அந்த முன்பகுதியில் கிடைக்கிற நல்லதையெல்லாம் 'நான் கண்டெடுத்தேன்' என்று வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அதை யாராவது உங்களுக்காக அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கத்தரிக்கோல் பிடித்த கைக்கு ஒரு மயக்கம் உண்டு. வெட்டியது நாம் என்பதால் விளைந்ததும் நம்மால்தான் என்று தோன்றிவிடும். எனக்குத் தோன்றியது. தெரிந்துகொள்ள வழியில்லாமல் தோன்றியது. உங்களுக்கு எல்லா டேக்கும் இருக்கிறது. உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

நிவேதாவைக் கூப்பிட்டபோது ரோடு தெரியவில்லை, மரம் மட்டும் கையில் தட்டுப்பட்டது.

"மேடம், எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க. நடிப்பாரா?"

"நடிப்பார்."

அவள் போனை விலக்கி யாரிடமோ, "சார், சென்னியப்பன்தான் சார்" என்று சொன்னது கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். பிறகு கதவு சாத்தும் சத்தம். அவள் மட்டும் வெளியே வந்திருந்தாள்.

"மேடம், தயாரிப்பாளர்கிட்ட தைரியமாச் சொல்லிட்டேன். ஆனா எனக்குப் பயமா இருக்கு. அவரை எப்படி எடுக்கணும்?"

"கேமராவை முன்னாலேயே ஓடவிடு. ஆக்‌ஷனை அவசரப்பட்டுச் சொல்லாதே. அவர் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரித்தான் இருக்கும். 'இவரைப் போய் நடிப்பார்னு சொன்னாங்களே'ன்னு உனக்கு என்மேல கோபம்கூட வரும்."

"வந்தா?"

"வரட்டும். மானிட்டரை விட்டு மட்டும் எழுந்து போயிடாதே. அவருக்குப் பார்க்க ஒரு ஆள் இருந்தாப் போதும்."